இங்கிலாந்து ராணிகளும் சரித்திரப் புரட்டும்

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் இங்கிலாந்து தேச சரித்திரமானது நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் பாடமாக வைக்கப்பட்டு, நம் பிள்ளைகளால் நெட்டுருப் போடப்பட்டு வந்த சங்கதி வாசகர்கள் அறிந்ததேயாகும். அந்தச் சரித்திரத்தில் டியூடர், ஸ்டூவர்ட் என்னும் இரண்டு வம்சங்களைச் சேர்ந்த ராணிகளுக்குக் கிடைத்திருக்கும் பட்டங்களைச் சற்றுக் கவனியுங்கள். ஒருத்தி சூனியக்காரி, ஒருத்தி குதிரை மூஞ்சிக்காரி, ஒருத்தி இரத்தவெறி மேரி, ஒருத்தி சட்டிக்குள் பிள்ளையைக் கடத்தியவள், ஒருத்தி தோழியின் சொற்படி ஆடிய மந்தபுத்திக்காரி. இப்பட்டங்களைச் சூட்டியவர்கள் யார், எப்பொழுது சூட்டினார்கள், அதனால் அவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்டுப்பார்த்தால், புராணம் என்பது ஏதோ ஒரு தேசத்திற்கு மாத்திரம் சொந்தமல்ல என்பது நன்றாய் விளங்கிவிடும்.

நாம் ராஜாக்களுக்கோ ராணிகளுக்கோ வக்காலத்து வாங்க வரவில்லை. பிறப்பினால் ஒருவருக்குப் பெருமை உண்டு என்பதையே ஒப்புக்கொள்ளாத நமக்கு, சிம்மாசனத்தில் யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். ஆனால் ஒரே காரியத்தை ஆண் செய்தால் ராஜதந்திரம் என்றும், பெண் செய்தால் கொடுமை என்றும் எழுதுகிற சரித்திரத்தை நியாயமான சரித்திரம் என்று நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் 8-வது ஹென்றியின் மனைவிகளை எடுத்துக்கொள்ளுவோம். 1509-ம் வருஷம் அவன் ஸ்பெயின் தேசத்து இளவரசி காதரைனை மணந்தான். 1513-ல் அவன் பிரான்சில் சண்டைக்குப் போயிருந்தபோது ராஜ்யத்தை ஆண்டவள் இந்த அம்மைதான். ஸ்காட்லாந்து அரசன் 4-வது ஜேம்ஸ் படையெடுத்து வந்து பிளாடன் போர்க்களத்தில் மாண்டது அவள் நிர்வாகத்தின் கீழேயே நடந்ததாகும். அப்படியிருந்தும் சரித்திரத்தில் அவளுக்குக் கிடைத்த இடம், "ஆண்பிள்ளை பெறாததால் தள்ளப்பட்ட கிழவி" என்பதே. அவள் குறைந்தது ஆறு முறை கர்ப்பமானாள். 1511-ல் பிறந்த ஆண் குழந்தை 52 நாளில் இறந்துபோயிற்று. பிழைத்தது மேரி என்ற பெண் குழந்தை ஒன்றே. இது கடவுள் சாபம் என்று ராஜா வேதப்புத்தகத்தைக் காட்டினான். 1533-ல் அந்த விவாகமே செல்லாது என்று மதத் தலைவர் கிரான்மர் தீர்ப்பளித்துவிட்டார்.

பிறப்பது ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வரும் வித்தைப் பொறுத்தது என்பது இன்று விஞ்ஞானம் கண்ட உண்மை. 1905-ல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க மாது மாவுவண்டுகளை ஆராய்ந்து இதற்கு வழி காட்டினாள். பெண் குழந்தை பிறந்ததற்கு யாரையாவது தள்ளிவைக்க வேண்டுமானால் ராஜாவையல்லவா தள்ளிவைத்திருக்க வேண்டும்? இந்த உண்மையைக் கண்டுபிடித்ததும் ஒரு பெண்ணாகவே இருந்தது ஒருவிதத்தில் பொருத்தந்தான்.

அடுத்தவள் ஆன் போலின். இவளுக்கும் 1533-ல் பெண்தான் பிறந்தது. 1536 ஜனவரியில் கர்ப்பம் கலைந்தது. நான்கே மாதத்தில், ஐந்து ஆண்களோடு, அதிலும் கூடப்பிறந்த சகோதரனோடுகூட, விபசாரம் செய்ததாக இவள்மீது குற்றம் சாட்டி, மே மாதம் 19-ந் தேதி தலையை வெட்டிவிட்டார்கள். விசாரணைக்குத் தலைமை வகித்தவர் இவளுடைய சொந்த மாமனே! எரிக் ஐவ்ஸ் என்ற சரித்திர ஆராய்ச்சியாளர் குற்றப்பத்திரிகையில் கண்ட தேதிகளையும் இடங்களையும் ஒத்துப்பார்த்து, அவற்றில் பெரும்பகுதி நடந்திருக்கவே முடியாதவை என்று காட்டியிருக்கிறார். இன்ன தேதியில் இன்ன அரண்மனையில் குற்றம் நடந்தது என்று எழுதியிருக்கும். ஆனால் அந்தத் தேதியில் ராணியோ அந்த ஆணோ அங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

இதைவிட வேடிக்கையான சங்கதி ஒன்று உண்டு. தலை வெட்டுவதற்கு இரண்டு நாளைக்கு முன், அதாவது மே 17-ந் தேதி, அதே கிரான்மர் இவளுடைய விவாகமும் ஆதி முதலே செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். விவாகமே செல்லாது என்றால் இவள் ராஜாவின் மனைவியல்ல. மனைவியல்லாத ஒருத்தி புருஷனுக்குத் துரோகம் செய்தாள் என்பது எப்படி? இந்தச் சின்னக் கேள்வி கிரான்மருக்கும் தோன்றவில்லை, நீதிபதிகளுக்கும் தோன்றவில்லை, பிரபுக்களுக்கும் தோன்றவில்லை. ராஜாவுக்கு மாத்திரம் வேறு விஷயம் தோன்றிற்று. ஆன் போலின் இறந்த 11-வது நாள் அவன் ஜேன் சீமூரை மணந்துகொண்டான். அவள் ஒரு ஆண் குழந்தையைப் பெற்றுப்போட்டு 12 நாளில் செத்துப்போனாள். ஆகவே அவள் "உத்தமி" ஆகிவிட்டாள்.

ஆன் போலினுக்கு ஆறு விரல் என்றும், கழுத்தில் கட்டி என்றும், அதனால் சூனியக்காரி என்றும் இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவள்மீது சூனியம் செய்ததாக வழக்கே போடப்படவில்லை. ஆறு விரலையும் கட்டியையும் பற்றி எழுதியவர் நிக்கோலஸ் சாண்டர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். அவருடைய புத்தகம் வெளிவந்தது 1585-ல். ஆன் போலின் இறந்தபோது அவர் ஏறக்குறைய ஆறு வயதுப் பையன். அவளுடைய மகள் எலிசபெத் புராட்டஸ்டண்டு ராணியாக ஆண்டுகொண்டிருந்த காலத்தில், மகளைத் தாக்குவதற்குத் தாயின் கையில் ஒரு விரல் முளைத்தது என்பதுதான் இதன் இரகசியம்.

நான்காவது மனைவி ஆன் ஆப் கிளீவ்ஸ். 1540 ஜனவரியில் மணந்து ஜூலையில் தள்ளிவிட்டார்கள். அவளை "பிளாண்டர்ஸ் தேசத்துப் பெட்டைக்குதிரை" என்று ராஜா சொன்னதாகச் சொல்லப்படுவது, அவன் காலத்துக் கடிதம் எதிலும் காணப்படாமல், நூறு வருஷத்துக்கு மேல் கழித்துப் பாதிரியார் பர்னெட் எழுதிய புத்தகத்தில்தான் காணப்படுகிறது. காலில் ஆறாத புண்ணும், பெருத்த உடம்புமாய் இருந்த ராஜாவின் அழகைப்பற்றி எந்தச் சரித்திரக்காரரும் பட்டம் சூட்டவில்லை. ஆனால் அந்தப் பெண்ணோ, சண்டைபோடாமல் சம்மதித்து, வீடும் நிலமும் பெற்று, ராஜாவும் அவனுடைய மற்ற ஐந்து மனைவிகளும் இறந்த பின்பும் உயிரோடிருந்து, 1557-ல் சுகமாய்ச் செத்தாள். ஆறு பேரில் புத்திசாலி யார் என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நிற்க, காதரைனின் மகள் மேரியின் கதை சற்றுக் கஷ்டமானது. இவள் 1553 முதல் 1558 வரை ஆண்ட காலத்தில் சுமார் 280 பேர் மதத்தின் பேரால் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். இதை மன்னிக்க நாம் தயாராயில்லை. மனிதனுடைய எண்ணத்துக்காக அவனைக் கொளுத்துவது எந்தக் கடவுளின் பேரால் நடந்தாலும் காட்டுமிராண்டித்தனமே. ஆனால் கேள்வி வேறு. 8-வது ஹென்றி 1536-37 வருஷத்து வடநாட்டுக் கலகத்துக்காகச் சுமார் 200 பேரைக் கொன்றான். எலிசபெத் 1569-ம் வருஷத்துக் கலகத்துக்காக நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கிலிட்டாள். அன்றியும் அநேக கத்தோலிக்கப் பாதிரிகளைக் குடலைக் கிழித்துக் கொன்றாள். மேரியால் 1556-ல் கொளுத்தப்பட்ட கிரான்மர்கூட, முந்திய ஆட்சியில் ஜோன் போச்சர் என்ற பெண் 1550-ல் கொளுத்தப்பட்டபோது அதிகாரத்தில் இருந்தவரே. அப்படியிருக்க, "இரத்தவெறி" என்ற பட்டம் ஒருத்திக்கு மாத்திரம் எப்படி வந்தது?

அவள் பக்கம் தோற்றது, எதிர்ப்பக்கம் ஜெயித்தது. காரணம் இவ்வளவுதான். 1563-ல் ஜான் பாக்ஸ் என்பவர் கொளுத்தப்பட்டவர்களின் கதைகளைப் பெரிய புத்தகமாக வெளியிட்டார். 1571-ல் அதைப் பெரிய தேவாலயங்களிலெல்லாம் வைக்கும்படி மதசபையார் உத்தரவு போட்டார்கள். எதிர்க்கட்சிக்காரன் எழுதிய புத்தகத்தைக் கோயிலில் வைத்து வாசித்தால், அப்புறம் அது சரித்திரமாகாமல் வேறு என்னவாகும்?

மேரி செய்த மற்றக் காரியங்கள் அந்தப் புகையில் மறைந்துபோயின. தன்னை விலக்கிவிட்டு ஜேன் கிரேயைப் பட்டத்துக்குக் கொண்டுவந்த பிரபுக்களைப் படைதிரட்டி முறியடித்தவள் அவள். இங்கிலாந்தில் தன் சொந்த உரிமையில் முடிசூட்டப்பட்ட முதல் பெண்ணும் அவளே. பெண்ணுக்கும் ராஜாவுக்குள்ள முழு அதிகாரமும் உண்டு என்று 1554-ல் சட்டம் செய்யப்பட்டது அவள் ஆட்சியில்தான். புகழ்பெற்ற எலிசபெத் 44 வருஷம் ஆண்டது அந்தச் சட்டம் போட்டுக்கொடுத்த அஸ்திவாரத்தின் மேலாகும். ஆனால் ஜனங்கள் நினைவில் நின்றதோ, 1555-ல் கர்ப்பம் என்று நம்பி ஏமாந்த அவளது வயிறுதான்.

இனி ஸ்டூவர்ட் வம்சத்துக்கு வருவோம். இதுவரை பிள்ளை பெறாதது குற்றமாயிருந்தது. 1688-ல் பிள்ளை பெற்றதே குற்றமாயிற்று! 2-வது ஜேம்ஸின் மனைவி மேரி ஆப் மாடினா அவ்வருஷம் ஜூன் 10-ந் தேதி ஆண் குழந்தை பெற்றாள். அவள் கத்தோலிக்கப் பெண். ஆகவே நாட்டில் கத்தோலிக்க வம்சம் நிலைத்துவிடும் என்று எதிர்க்கட்சியார் பயந்தார்கள். உடனே, அது அவள் பெற்ற பிள்ளையல்ல, குளிர்காலத்தில் படுக்கையைச் சூடேற்ற வைக்கும் கரிச்சட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பிள்ளை என்று கதை கட்டினார்கள். பிரசவ அறையிலோ பிரபுக்களும் சீமாட்டிகளுமாய்க் கூட்டம் நிறைந்திருந்தது. அக்டோபர் மாதம் ராஜா சபை கூட்டி, சுமார் 40 பேரின் சாக்ஷியத்தை வாங்கிப் பதிவு செய்தான். ஒரு பெண் பிரசவித்தாளா என்பதற்கு 40 சாக்ஷி! அப்படியும் கரிச்சட்டியே ஜெயித்தது. நவம்பரில் ஆரஞ்சு வில்லியம் படையுடன் வந்திறங்கினான். டிசம்பரில் அவள் கைக்குழந்தையோடு பிரான்சுக்கு ஓடினாள்.

கடைசியாக ஆன் ராணி. இவள் குறைந்தது 17 முறை கர்ப்பமாகி, ஒரு குழந்தையும் தங்காமல், அதிக நாள் வாழ்ந்த மகனையும் 11-வது வயதில் 1700-ல் இழந்தவள். 1702 முதல் 1714 வரை ஆண்டாள். 1707-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றானது இவள் காலத்தில்தான். இவள் தோழிகள் கையில் பொம்மை என்று உலகுக்குச் சொன்னவள் யார் தெரியுமா? 1711-ல் இவளால் உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்ட தோழி, மார்ல்பரோ சீமாட்டி சாராதான்! 1742-ல் அவள் எழுதிய புத்தகத்தையே சரித்திரக்காரர்கள் வெகுகாலம் வேதமாய்க் கொண்டார்கள். ஐரோப்பாவே நடுங்கிய சேனாபதியான அவள் புருஷனையும் அதே 1711 டிசம்பரில் வேலையிலிருந்து தள்ளி, சமாதானத்துக்காகப் பிரபுக்கள் சபையில் 12 புதுப் பிரபுக்களை ஒரே மூச்சில் நுழைத்த ஒருத்தியை, பொம்மை என்று சொல்லுவது எந்த அறிவு? வேலைநீக்கமான காரியஸ்தன் எழுதிய புகாரைக்கொண்டு முதலாளியின் யோக்கியதையை யாராவது தீர்மானிப்பார்களா?

ஆகவே இவையெல்லாம் காட்டுவது என்னவென்றால், இந்தப் பெண்கள் அறிவால் அளக்கப்படவில்லை, ஆட்சியாலும் அளக்கப்படவில்லை. வயிற்றால் அளக்கப்பட்டார்கள். பெறாதவள் தள்ளப்பட்டாள், பெண்ணைப் பெற்றவள் வெட்டப்பட்டாள், ஆணைப் பெற்றவள் துரத்தப்பட்டாள். கலியாணமே செய்துகொள்ளாத எலிசபெத்தைக்கூட "கன்னி ராணி" என்று அதே அளவுகோலால்தான் புகழ்ந்தார்கள். தம்பி இருக்க அக்காளுக்குப் பட்டமில்லை என்ற விதி அந்த நாட்டில் மாறுவதற்கு 2013-ம் வருஷம் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அதுவும் 2015-ல்தான் அமுலுக்கு வந்தது.

கிரீடம் வைத்திருந்த பெண்களுக்கே, படையும் பணமும் இருந்தவர்களுக்கே கதி இதுவானால், அவர்கள் துணியை வெளுத்தவளுக்கும் அடுப்பை ஊதியவளுக்கும் யார் என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு நேர்ந்த பழியை எழுதிவைக்கக்கூட ஆளில்லை. ஆதலால் இனி எந்தப் பெண்ணைப்பற்றியாவது, அவள் அரண்மனையில் இருந்தாலும் அடுத்த வீட்டில் இருந்தாலும், "அவள் அப்படிப்பட்டவள்" என்று யாராவது சொன்னால், சொல்லுகிறவர் யார், அதனால் அவருக்கு என்ன லாபம் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு அப்புறம் நம்பும்படி வாசகர்களை வேண்டிக்கொள்ளுகிறோம்.