வலியைப் பொறுத்தால்தான் வித்வானா?

'வலிக்க வலிக்க அடித்தால்தான் கை பழகும். டாக்டரிடம் போனால் வாசிப்பே போய்விடும்' என்று தவில் கற்பவர்களிடம் சொல்கிறார்கள். வேறெங்கு சொன்னாலும் வேலூரில் இதைச் சொல்லக் கூடாது.

1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால்தான் சூட்டிலும் காயத்திலும் சிதைகின்றன என்று காட்டினார். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். வலிதான் கைக்குக் காவல். அதை அடக்கி வாசிக்கச் சொல்வது எந்தப் பயிற்சி?

தவிலில் கூடு மாட்டிய விரல்கள் மணிக்கணக்கில் தோலை அறைகின்றன, மறுகையில் கழி. முகூர்த்த மாதத்தில் ஓய்வு ஏது? மணிக்கட்டு வீங்கினால் தைலம் தடவிக்கொண்டு அடுத்த கல்யாணம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கிறவருக்கு இ.எஸ்.ஐ. அட்டையாவது உண்டு. அவர் வீட்டு விசேஷத்துக்கு வாசிக்கிறவருக்கு அதுவும் இல்லை.

பயிற்சியே எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளெய்ஷருக்கு 1960களில் வலது கையின் கடைசி இரு விரல்கள் சுருண்டன. விடாமல் பயிற்சி செய்தும் அவை நிமிரவில்லை. போடாக்ஸ் ஊசிக்குப் பிறகே, 1990களில் இரு கைகளாலும் மீண்டும் வாசித்தார்.

சி.எம்.சி.யில் பிராண்டின் பெயரிலேயே கை அறுவைச் சிகிச்சை மையம் இருக்கிறது. வீக்கம் வந்த வாரமே போங்கள். எந்தத் தவில் சொல்லுக்கு எந்த விரல் வலிக்கிறது என்று டாக்டரிடம் தட்டிக் காட்டுங்கள்.