முதல் போட்டவர்

பைசாந்தியப் பேரரசு என்றதும் ஜஸ்டினியன் பெயர்தான் முன்னே வருகிறது. சட்டத் தொகுப்பு, ஹாகியா சோபியா, வட ஆப்பிரிக்க வெற்றி எல்லாம் அவர் கணக்கில் சேர்கின்றன. அந்தக் கணக்குக்கு முதல் போட்டவர், அவருக்கு முன் ஆண்ட பேரரசர் அனஸ்தாசியஸ். 491இல், அறுபது வயதையொட்டி அரியணை ஏறிய இந்த அரண்மனை அலுவலர், வணிகர்களையும் கைவினைஞர்களையும் நசுக்கிவந்த கிரிசார்கிரான் வரியை 498இல் ஒழித்தார். அதே ஆண்டில் பெரிய செப்புக் காசுகளை வெளியிட்டுச் சந்தையின் சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்த்தார். பாரசீக எல்லையில் தாரா கோட்டையை எழுப்பினார். இத்தனைக்குப் பிறகும், 518இல் அவர் இறந்தபோது கருவூலத்தில் 3,20,000 ரோமானிய ராத்தல் தங்கம் இருந்ததாக வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார். அது நூறு டன்னுக்கும் மேல்.

ஜஸ்டினியனைத் தூற்றப் புரோகோப்பியஸ் எழுதிய நூலில் வரும் எண் அது, மிகையாக இருக்காதா என்று கேட்கலாம். இருக்கலாம். பாதியாகக் குறைத்தாலும், அனஸ்தாசியஸ் ஒரு வரியை நீக்கியும் மிச்சம் பிடித்தார் என்ற உண்மை மாறாது. சமயச் சர்ச்சையில் அவர் ஒரு பக்கம் சாய்ந்ததால் 512இல் தலைநகரில் கலவரம் வெடித்தது, அடுத்த ஆண்டு தளபதி விட்டாலியன் அவருக்கு எதிராகப் படையோடு கிளம்பினார் என்பதும் மெய்தான். ஆனால் அந்தப் பிளவை ஜஸ்டினியனாலும் ஆற்ற முடியவில்லை. தோல்வி இருவருக்கும் பொது, சேமிப்பு ஒருவருடையது. செலவழித்தவருக்குச் சிலை வைக்கும் வரலாறு, சேர்த்தவருக்கு ஒரு வரியாவது ஒதுக்க வேண்டும்.