குமரியும் கிழவியும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்தவளுக்கு இன்றுவரை வயது ஏறவில்லை. கல்யாணம் நின்றுபோய், சமைக்க வைத்திருந்த அரிசியெல்லாம் கடற்கரை மணலாகிவிட்டது என்பது ஐதீகம். மூக்குத்தி மினுங்க, கன்னியாகவே நிற்கிறாள். அதே மாவட்டத்தில், தோவாளை வட்டாரத்தில் இன்னொருத்தி இருக்கிறாள், ஔவையாரம்மன். ஆடிச் செவ்வாய்க்குப் பெண்கள் கூட்டங்கூட்டமாகப் போய்க் கொழுக்கட்டை அவித்துக் கும்பிடுகிறார்கள். ஒருத்தி கிழவி ஆவதே இல்லை. இன்னொருத்தியைக் குமரியாக யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை. இந்த இருவருக்கும் நடுவே, முப்பது வயதிலிருந்து எழுபது வயது வரைக்கும் ஒரு பெண் வாழ்ந்து தீர்த்தாக வேண்டுமே, அவளை எங்கே உட்கார வைத்திருக்கிறோம்?

பூங்கனி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நாகர்கோவிலிலேயே பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கொட்டாரம் பக்கத்தில் சரவணந்தேரி என்று ஒரு ஊர். அங்கே வாழ்ந்த வில்லுப்பாட்டுக்காரி. சிறுமியாக வில்லுக்கு முன்னால் உட்கார்ந்தவர். குமரி, நெல்லைச் சீமையின் அம்மன் கோயில்களிலும் சுடலைமாடன் கோயில்களிலும் விடிய விடியப் பாடியவர். 2018 நவம்பரில், எண்பது வயது தாண்டி இறந்து போனார். கடைசிக் காலத்தில் அவருக்கு ஆதாரமாக இருந்தது முதியோர் உதவித்தொகை. அன்றைக்கு அது மாதம் 1,000 ரூபாய். வில்லுப்பாட்டின் மூத்த கலைஞர் என்று பத்திரிகைகள் எழுதின. அதிகமும் செத்த பிறகு.

வில்லுப்பாட்டு பார்த்திராத பட்டணத்துப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆள் உயரத்தையும் தாண்டி நீளும் வில். அதில் வரிசையாக மணிகள். நாணில் வீசுகோலால் அடித்துக்கொண்டே கதை பாட வேண்டும். பக்கத்தில் குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை. எதிர்ப்புறம் இருப்பவர் ‘ஆமா’ போட வேண்டும். நீலி கதை, முத்துப்பட்டன் கதை, தோட்டுக்காரி கதை, சுடலை கதை என்று ஒவ்வொன்றும் ஒரு ராத்திரியைத் தின்னும். அத்தனையும் மனப்பாடம். அதுமட்டுமல்ல, சாமியாடியின் உடம்பு எப்போது நடுங்கத் தொடங்குகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்து, கதையை அங்கேயே நிறுத்தி, தாளத்தை முடுக்கி, வரத்துப்பாட்டுக்குத் தாவ வேண்டும். ஒரு நொடி பிந்தினால் அருள் இறங்காது. இறங்காவிட்டால் ஊர் சும்மா விடாது. இந்த நிதானம் இருபது வயதில் யாருக்கு வரும்? நாற்பதில்தான் கை கூடும், ஐம்பதில்தான் கனியும். ஆணென்றால் அந்த ஐம்பதில் அவர் அண்ணாவி. பெண்ணென்றால் வீட்டுக்குப் போகவேண்டியவள்.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால், கொடைக்கு நாள் குறித்த ஊர் எதிலாவது, கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசும் இடத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். என் காதில் விழுந்ததை அப்படியே தருகிறேன்.

“பொம்பள வில்லுதான் வேணும்ங்கானுவ பயலுவ.”

“பாடுகது யாரு? போட்டோ இருக்கா?”

“நல்லாப் பாடுவாவ வே. ஒரு நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும்.”

“அப்பம் வேண்டாம். கூட்டம் நிக்காது.”

அடுத்து ஓர் ஆண் புலவர் பெயர் வந்தது. அவருக்கு எழுபது தாண்டிவிட்டதாம். “வயசானா என்ன வே, கதை சுத்தம்லா” என்றார் அதே மனுஷன். ஒரே வாய். இரண்டு தராசு.

சுப்பு ஆறுமுகம் ஐயா தொண்ணூறு தாண்டியும் வில்லடித்தார். 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022 அக்டோபரில் காலமானார். அந்த மரியாதை அவருக்குத் தகும், இன்னும் முன்னமே வந்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லை ஊர்க்கோயிலிலிருந்து மேடைக்கும் சினிமாவுக்கும் கொண்டுபோனார். அதுவும் பெரிய காரியம். ஆனால் வில் பட்டணம் போய்ச் சேர்ந்தபோது, அம்மன் கோயில் பந்தலில் தொண்டை வறளப் பாடிக்கொண்டிருந்த பெண்களில் எத்தனை பேருக்கு வண்டியில் இடம் கிடைத்தது?

இதில் என்ன கொடுமை என்றால், இந்த வில் பாடுவதே பெண்ணுக்கு நேர்ந்த அநியாயத்தைத்தான். முப்பந்தல் இசக்கியம்மனை எல்லோருக்கும் தெரியும். ஆரல்வாய்மொழி தாண்டும்போது லாரி டிரைவர்கூட வண்டியை நிறுத்திச் சில்லறை போட்டுவிட்டுப் போகிறான். யார் அவள்? நம்பியவனாலேயே நகைக்காகக் கள்ளிக்காட்டில் கொல்லப்பட்டவள். திரும்பி வந்து பழி தீர்த்தவள். செத்த பெண்ணுக்குக் கோயில் கட்டிக் கிடா வெட்டுகிறோம். அவள் கதையை உயிரோடு உட்கார்ந்து பாடுகிறவளிடம் போட்டோ கேட்கிறோம். நீலிக்கு இது தெரியுமா தெரியாதா என்பது எனக்குப் பல காலமாக உள்ள சந்தேகம்.

ஔவைக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்ன கதை என்ன? கல்யாணப் பேச்சு வந்தது, அவள் பிள்ளையாரிடம் அழுதாள், பிள்ளையார் கிழவியாக்கிவிட்டார். பக்தியோடு கேட்டோம். 1953-ல் எஸ்.எஸ். வாசன் எடுத்த படத்தில் கே.பி. சுந்தராம்பாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கொஞ்சம் யோசியுங்கள். ஒரு பெண் ஊர் ஊராகப் போகவேண்டும், ராஜாவிடம் நேருக்கு நேர் பேசவேண்டும், பாடவேண்டும் என்றால் முதலில் அவள் இளமையைத் தொலைக்க வேண்டும் என்று அல்லவா அந்தக் கதை சொல்கிறது? சங்க காலத்து ஔவை கிழவி அல்ல, இளம் விறலி என்று தமிழ் படித்தவர்கள் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். கவிஞர் இன்குலாப் ‘ஔவை’ என்று நாடகமே எழுதினார். ஆனாலும் நம் மனசில் கோலூன்றிய பாட்டிதான் நிற்கிறாள். பாட வேண்டுமானால் கிழவியாகு, மேடையில் நிற்க வேண்டுமானால் குமரியாக இரு. கோயிலும் அப்படித்தான். சபரிமலையில் 10 வயதிலிருந்து 50 வயது வரை வராதே என்ற கணக்கு 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போய் ஊர் இரண்டுபட்டது நினைவிருக்கும். சன்னிதானம் ஐம்பதுக்கு மேல் வா என்கிறது, கொடைக் கமிட்டி முப்பத்தைந்துக்கு மேல் வராதே என்கிறது. இடையில் அவள் என்ன, ஆகாசத்திலா நிற்பாள்?

புறநானூற்றில் 140-ஆம் பாட்டு ஔவை பாடியது. எங்கள் நாஞ்சில் மலைக்குத் தலைவனான நாஞ்சில் வள்ளுவனைப் பற்றி. பறித்து வைத்திருந்த கீரையோடு சேர்க்கக் கொஞ்சம் அரிசி கேட்டார்கள். அவன் யானையைக் கொடுத்துவிட்டான். இப்படியும் ஒரு மடமையா என்று அவள் வியப்பதுபோலப் பாடுகிறாள். பாடுகிற பெண்ணுக்கு ஒரு பிடி அரிசி கேட்டால் யானை கொடுத்த நாடு இது. ஈராயிரம் வருஷத்தில் 1,000 ரூபாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறோம். யானையை வைத்துக்கொள்ளட்டும். அந்த அரிசியையாவது ஒழுங்காக அளந்திருக்கலாம்.

பூங்கனியைத் தேடி வந்தது யார் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ் ராப் பாடகி, லேடி காஷ். 2010-ல் வந்த ‘எந்திரன்’ படத்தில், ரோபோ ஆடும் பாட்டில் ஆங்கிலத்தில் படபடவென்று பொரிந்த குரல்களில் ஒன்று அவருடையது. அவர் பூங்கனிக்கு மரியாதை செய்து ‘வில்லுப்பாட்டு’ என்ற பெயரிலேயே ஒரு பாட்டுச் செய்தார். நாம் தாண்டிப் போன திண்ணையில் அந்தப் பெண் வந்து உட்கார்ந்தார்.

ஒரு ராப் பாடகிக்கு ஏன் தோன்றியது? அவர்கள் வட்டாரத்திலும் இதே கூத்துதான். ஹிப்-ஹாப் பிறந்தநாள் என்று 1973 ஆகஸ்ட் 11-ஐக் கொண்டாடுகிறார்கள். நியூயார்க் பிராங்க்ஸில், ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் நடந்த விருந்து. இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க்கை உலகமே தந்தை என்கிறது. பள்ளிக்கூடம் திறக்கும் முன் துணிமணி வாங்கக் காசு சேர்க்க அந்த விருந்தை ஏற்பாடு செய்தவள் அவர் தங்கை சிண்டி கேம்ப்பெல். அவளைத் தாய் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? 1979-ல் ராப்பை ரேடியோவுக்கும் உலகத்துக்கும் கொண்டுபோன இசைத்தட்டைத் தயாரித்தவர் சில்வியா ராபின்சன் என்ற கறுப்பினப் பெண். அப்போது அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். பிறகு அதே இசையில் பெண் என்றால் என்ன ஆனாள் என்பதை வீடியோக்களைப் பார்த்தால் தெரியும். ஆண் பாடகனுக்குப் பின்னால் இடுப்பை ஆட்டும் உடம்பு. ஜே-ஸி 2017-ல் நாற்பத்தேழு வயதில் ஆல்பம் போட்டபோது, ஆஹா, என்ன பக்குவம் என்றார்கள். முப்பத்தைந்து தாண்டிய ராப் பாடகி மைக்கைப் பிடித்தால் கிழவிக்கு ஏன் இந்த வேலை என்கிறார்கள். ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் ஹிப்-ஹாப் பெண் ஒருத்தி, மிஸ்ஸி எலியட், கலைஞராக நுழைய 2023 ஆக வேண்டியிருந்தது. கறுப்பாய் இருப்பதற்கு ஒரு அடி, பெண்ணாய் இருப்பதற்கு ஒரு அடி, வயதானதற்கு இன்னொரு அடி. இங்கே நிறத்துக்குப் பதில் சாதி. வில்லுப்பாட்டுப் பெண்களும் கரகாட்டப் பெண்களும் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மேடைக்குக் கீழே வரும் பேச்சு எந்தத் தைரியத்தில் வருகிறது என்பதும் தெரியும்.

இப்போது பெண்கள் வில்லுக்குத்தானே கிராக்கி, யூடியூபில் லட்சக்கணக்கில் பார்க்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். கிராக்கிதான். நல்ல குரல்கள், நல்ல உழைப்பு. நானும் கேட்கிறேன், சில பிள்ளைகள் அசர வைக்கிறார்கள். கீழே எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். கதையைப் பற்றி ஒரு வரி இருந்தால் சேலையைப் பற்றிப் பத்து. இன்றைக்கு இருபத்தைந்து வயதில் புகழ்பெற்ற அந்தப் பிள்ளை, நாளைக்கு நாற்பதில், கதை நெஞ்சில் ஊறி நிற்கும் நேரத்தில், எந்தக் கமிட்டியில் போட்டோ காட்டுவாள்?

நலிந்த கலைஞர்களுக்கு அரசாங்கம் உதவி தருகிறதே என்பது அடுத்த சமாதானம். தருகிறது. ஆனால் கலைஞர் என்று காட்டக் காகிதம் வேண்டாமா? வில்லுக்காரருக்குக் காகிதம் என்றால் கொடை நோட்டீஸ்தான். அதை எடுத்துப் பாருங்கள். தர்மகர்த்தா பெயர் இருக்கும், பந்தல்காரர் பெயர் இருக்கும், சீரியல் செட் போட்டவர் போன் நம்பரோடு இருப்பார். புலவர் பெயருக்குப் பக்கத்தில் ‘குழுவினர்’ என்று ஒரே சொல். இருபது வருஷம் பின்பாட்டுப் பாடிய பெண், குடம் அடித்துத் தோள்பட்டை இறங்கிப்போனவள், எல்லோரும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கம். ஆபீஸில் மனுவை நீட்டினால், “ஆதாரம் எங்கம்மா?” எங்கிருந்து கொண்டு வருவாள்? சுடலைமாடனையா சாட்சிக்குக் கூப்பிடுவாள்?

உங்கள் ஊரிலும் கொடை வரும். வரி கொடுப்பீர்கள், பேரப்பிள்ளை பெயரை நன்கொடையாளர் வரிசையில் போடச் சொல்வீர்கள். அப்படியே பிரஸ்காரரிடம், குழுவினர் என்று போட்டிருக்கிற இடத்தில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் என்ன என்று கேளுங்கள். கூடுதலாக இரண்டு வரி அச்சடிக்க எவ்வளவு ஆகும் என்றும் கேட்டு வையுங்கள்.