காகிதம் மடிக்கிறது வெட்டி வேலையா?

"ஓரிகாமியா? அதெல்லாம் சின்னப்பசங்க சமாச்சாரம்பா" என்று உதட்டைப் பிதுக்கும் புண்ணியவான்களே, ஒரு நிமிஷம். இஞ்சினியரிங் படிச்ச நம்ம கூட்டமே இப்படிச் சொல்றதுதான் கொடுமை.

அடிப்படை ரெண்டே மடிப்பு. உங்களை நோக்கி மடித்தால் பள்ளம், பின்பக்கமாக மடித்தால் மேடு. மிச்சமெல்லாம் இந்த ரெண்டின் கூட்டணிதான். இவற்றை விதவிதமான கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் வரைந்து காட்டும் முறைக்கு அடித்தளம் போட்டவர் ஜப்பானின் அகிரா யோஷிஸாவா (1911-2005). பாஷை தெரியாதவனும் படம் பார்த்தே மடிக்கலாம்.

இதில் கணக்கு எங்கே இருக்குன்னு கேக்கறீங்களா? ஒரு தாளைப் பாதியாக மடித்து, குறுக்கே மறுபடி பாதியாக மடித்துப் பிரியுங்கள். நடுப்புள்ளியில் மூன்று கோடு ஒரு ஜாதி, ஒன்று மட்டும் வேறு. வித்தியாசம் 2. தட்டையாக எப்படி மடித்தாலும், தாளின் உள்ளே கோடுகள் சந்திக்கும் எல்லாப் புள்ளியிலும் இதே 2 தான். மேகாவா தேற்றம் என்பார்கள். ஸ்கேல், காம்பஸ் வைத்து எல்லாக் கோணத்தையும் மூன்று சமபாகமாக்க முடியாது, மடித்தால் முடியும்!

1893லேயே நம்ம மெட்ராஸில் டி. சுந்தர ராவ், காகித மடிப்பால் ஜியோமிதி கற்பிக்க ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே போட்டார். 1901ல் அது சிகாகோவிலும் அச்சானது. நாமோ மடிப்பை கிராஃப்ட் பீரியடுக்குத் தள்ளிவிட்டு, தேற்றத்தை உருப்போட வைக்கிறோம்.

காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் அடிக்கோட்டில் ஒரே புள்ளிக்கு மடித்துச் சேர்த்தால், 180 டிகிரி கண்ணெதிரே நேர்கோடாக நிற்கும். அதைக் காட்டாமலே "உனக்குக் கணக்கு வராது"ன்னு பிள்ளையைத் திட்டறது என்னங்க நியாயம்?