சி டிரைவ் சிவப்பானதும் பார்மட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்தாலும் வகுப்பை விடாத வாத்தியார் என்று என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சோமனூரிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்கு படித்தவன், இப்போது சொந்தமாக விசைத்தறி ஓட்டுகிறான்.

"ஏனுங் சார், வீட்டுக் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குதுங்க. சி டிரைவ் புல்லுன்னு செவப்பாக் காட்டுது. கடைல கேட்டா, விண்டோஸ் 10-க்கே காலம் முடிஞ்சுபோச்சு, பார்மட் அடிச்சுப் புதுசாப் போட்டுக்கலாம்ங்கறாங்க. குடுத்தறட்டுங்களா?"

"குடுக்காதே. நாளைக்கு நானே வர்றேன், அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்றேன். ஓய்வுபெற்ற வாத்தியார் இதற்கெல்லாம் பஸ் ஏறி வருவாரா என்று அவனுக்கு ஆச்சரியம். நான் ஏன் ஓடினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2007-ல் எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் 40 ஜிபியை சி டிரைவாகவும் மீதியை டி டிரைவாகவும் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் கடையில் பொருத்தி வாங்கிய கம்ப்யூட்டர்களைப் பெரும்பாலும் இப்படித்தான் பிரித்துத் தருவார்கள். விண்டோஸ் சி-யில் இருக்கும், நம் பைல்களை டி-யில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் நாம் என்ன செய்வோம்? எதைச் சேமித்தாலும் 'மை டாக்குமெண்ட்ஸ்' அல்லது டெஸ்க்டாப். அவை இரண்டும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்பது எனக்கு அன்று தெரியாது.

2009-ல் கோபிக்குப் போயிருந்தபோது என் அமுச்சியின் பேச்சையும் அவர் பாடிய கும்மிப் பாட்டுகளையும் செல்போனில் பதிவு செய்தேன். அப்போது அவருக்கு 88 வயது. நடவு வயலில் பாடியது, நோம்பிக்குப் பாடியது, இடையிடையே பழைய பஞ்சகாலத்துக் கதை. எல்லாம் சேர்ந்து 40 நிமிஷம். திருப்பிப் போட்டுக் காட்டியபோது, "ஏஞ்சாமி, அந்தப் பொட்டிக்குள்ள நானா பேசறேன்?" என்று கேட்டுவிட்டு, தன் பாட்டுக்குத் தானே தலையாட்டிக்கொண்டிருந்தார். 2011-ல் தவறிவிட்டார். பதிவு டெஸ்க்டாப்பில் ஒரு போல்டரில் இருந்தது.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியது. அப்போதும் சி டிரைவ் சிவப்புதான். கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரத் தம்பி தெளிவாகவே கேட்டார்: "சார், சி மட்டும்தான் போகும், டி அப்படியே இருக்கும். பரவால்லைங்களா?" நான் பெரிய மனுஷத்தனமாகத் தலையை ஆட்டினேன். அவர்மேல் தப்பே இல்லை. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சரி என்று சொன்னது நான்.

மூன்று வாரம் கழித்து அமுச்சியின் திதிக்கு அந்தப் பாட்டைப் போடலாம் என்று தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. டேட்டா மீட்கிறவர்களிடம் போனேன். அவர் சொன்னதை வாத்தியார் பாஷையில் சொல்கிறேன். ஒரு பைலை அழிப்பது, வருகைப் பதிவேட்டில் ஒரு பையன் பெயரை அடிப்பது மாதிரி. பெயர்தான் போகும், பையன் பெஞ்சில் உட்கார்ந்துதான் இருப்பான். அந்த இடத்துக்குப் புதுப் பையன் வந்த பிறகுதான் பழையவன் நிஜமாகவே போகிறான். நானோ பார்மட் முடிந்து, விண்டோஸ் 7 ஏற்றி, மூன்று வாரம் விடாமல் பயன்படுத்தியிருந்தேன். எல்லாப் பெஞ்சிலும் ஆள் மாறிவிட்டது. அமுச்சி திரும்ப வரவில்லை.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், கணக்கு வாத்தியார் ஆயிற்றே. சாதாரண எம்பி3 தரத்தில் 40 நிமிஷப் பேச்சு ஏறக்குறைய 38 எம்பி. 40 ஜிபி டிரைவில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமுச்சியை அழித்ததால் எனக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். டிஸ்க்கை நிறைத்துவைத்தது அவர் குரல் இல்லை, பையன் இறக்கிவைத்திருந்த சினிமாவும் கேமும் விண்டோஸ் தானே சேர்த்துக்கொண்ட குப்பையும்தான்.

நான் சொல்ல வந்ததும் இதுதான். பழைய கம்ப்யூட்டரில் இடத்தை அடைப்பது பெரும்பாலும் நமக்கு வேண்டாதது. நமக்கு வேண்டியது கொஞ்சூண்டு இடத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வேலையைக் கடைக்காரரிடமோ ஏதோ ஒரு 'கிளீனர்' சாப்ட்வேரிடமோ விடக்கூடாது. அது வீட்டுக்காரர் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒரு மத்தியான நேரம் போதும்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், 2014 கதை திரும்ப நடக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. பழைய கம்ப்யூட்டர் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால் ஊரெங்கும் பார்மட் நடக்கிறது, பழைய பெட்டிகள் எடைக்குப் போகின்றன. அவற்றோடு என்னென்ன போகிறதோ!

சரி, சோமனூரில் திங்கட்கிழமை என்ன செய்தோம் என்று சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

அவனுடையது 500 ஜிபி டிஸ்க். கம்ப்யூட்டரில் 465 என்றுதான் காட்டும். ஏமாற்று வேலை இல்லை, டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதில் சி டிரைவ் 100 ஜிபி, முழுக்க நிறைந்திருந்தது. டி டிரைவ் 365 ஜிபி, முக்கால்வாசி காலி! வீட்டில் பெரிய ரூம் சும்மா கிடக்க, எல்லாரும் திண்ணையில் நெருக்கிக்கொண்டு படுத்திருந்த கதை.

முதலில் எதையும் அழிக்கவில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போனால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் விண்டிர்ஸ்டாட் என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டால், பெரிய பைல்களைப் பெரிய கட்டமாகப் படம் போட்டே காட்டிவிடும்.

இரண்டாவது, பத்திரப்படுத்துவது. கைக்கடக்கமான வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை நான் கொண்டுபோயிருந்தேன். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மூன்றையும் அப்படியே அதில் நகலெடுத்தோம். டேலியின் கணக்குப் பைல்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன், தெரியாது என்றான். தேடினால் அதுவும் சி டிரைவில்! ஜிஎஸ்டி கணக்கு ஆறு வருஷத்துக்குமேல் வைத்திருக்க வேண்டிய பொருள். பார்மட் அடித்திருந்தால் ஆடிட்டரிடம் என்ன சொல்லியிருப்பான்?

மூன்றாவதாகத்தான் குப்பை. சி டிரைவின்மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிஸ்க் கிளீனப். அதிலேயே 'சிஸ்டம் பைல்' என்ற பொத்தானையும் அழுத்த வேண்டும், பெரிய குப்பை அங்கேதான். பழைய விண்டோஸின் மிச்சம் 17 ஜிபி, ரீசைக்கிள் பின்னில் 9 ஜிபி, தற்காலிக பைல்களும் அப்டேட் மிச்சங்களும் 6 ஜிபி. அவனுடைய சொந்தப் பைல் ஒன்றைக்கூடத் தொடாமல் 32 ஜிபி கிடைத்தது. ஆனால் இரண்டு எச்சரிக்கை. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுமுன் ஒரு தடவை திறந்து பாருங்கள். சில பதிப்புகளில் அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' போல்டரும் நிற்கும், தெரியாமல் டிக் போட்டால் அதிலுள்ளதெல்லாம் போய்விடும்.

நான்காவது, இடமாற்றம். டாக்குமெண்ட்ஸ் போல்டரின் பிராப்பர்ட்டீஸில் 'லொகேஷன்' என்று இருக்கும். டி டிரைவில் ஒரு போல்டர் போட்டு, அங்கே மாற்றிவிட்டால், இனி நீங்கள் வழக்கம்போல் சேமிப்பதெல்லாம் தானாகவே டி-க்குப் போகும். பிக்சர்ஸ், டெஸ்க்டாப் இரண்டுக்கும் அப்படியே. நான் 2007-ல் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

விண்டோஸ் போல்டருக்குள் கையை விட்டு எதையும் அழிக்காதீர்கள். வீடு கூட்டுகிறேன் என்று அஸ்திவாரத்தைத் தோண்டுவது மாதிரி அது.

இன்னொரு விஷயம், இது என்னைப் போன்ற பழைய ஆசிரியர்களுக்கு. என் பேரன் ஒருநாள், "தாத்தா, இந்த பைலெல்லாம் கரப்ட் ஆயிருச்சு, அழிச்சறட்டுமா?" என்றான். திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குழப்பம். அவை கெட்டுப்போன பைல்கள் இல்லை. பாமினி, வானவில் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துரு வைத்துத் தட்டிய காலத்தில் நான் எழுதிய வினாத்தாள்களும், பள்ளி ஆண்டுமலருக்காக நீங்கள் எழுதிய கவிதைகளும்! அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் வசதிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. 2010 ஜூனில் நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய பைல் உங்களிடம் இருந்தால், படிக்க முடியவில்லை என்று அழித்துவிடாதீர்கள்.

உ.வே.சா. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, பழைய ஏடுகளை ஹோமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னதைக் கேட்டு மனம் நொந்தார். கெட்ட எண்ணத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது, படிக்க ஆள் இல்லை, ஒழித்தார்கள். என் பேரனும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

சிலர் கேட்பீர்கள்: "இவ்வளவு பாடு எதுக்குங் சார், புதுசு வாங்கினால் ஆச்சு." வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதுகாப்பு அப்டேட் வராத கம்ப்யூட்டரில் பேங்க் வேலை பார்ப்பது நல்லதும் இல்லை. ஆனால் புதுசு வாங்கினாலும் பழையதிலிருந்து எதை எடுத்துப் போவது என்று யாராவது உட்கார்ந்து பார்த்துத்தானே ஆக வேண்டும்? "கூகுளில் ஏற்றிவிட்டால் போச்சு" என்பவர்களுக்கு: இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதிலும் மெயில், போட்டோ எல்லாம் சேர்த்து. காலை வணக்கப் படங்களை அதில் நிரப்பிவிட்டு அப்பா படத்துக்கு இடமில்லை என்று நிற்காதீர்கள்.

மாணவன் வீட்டில் வேலை முடியும்போது டெஸ்க்டாப்பின் மூலையில் 'அப்பா' என்று ஒரு போல்டர் இருந்தது. அவன் தந்தை 2019-ல் தறிக்குடோனில் நின்று நூல் ரகம் பற்றி விளக்கும் மூன்று வீடியோ. கொரோனாவில் தவறியவர். இது இங்கே இருப்பதையே அவன் மறந்துவிட்டான். ஓடவிட்டோம். அவனுடைய அம்மா சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றார். யாரும் எதுவும் பேசவில்லை. வீடியோ முடிந்ததும் அந்த அம்மா, "இன்னொருக்காப் போடு கண்ணு" என்றார்.

சிவப்புக் கோடு நீலமாகிவிட்டது, கம்ப்யூட்டரும் ஓடுகிறது. அந்த போல்டரின் நகல் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று திருப்பூரில் அவன் தங்கை வீட்டில். ஒரே வீட்டில் மூன்று நகல் வைப்பதைவிட இரண்டு வீட்டில் இரண்டு நகல் மேல்.

கடைசியாக வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பழைய கம்ப்யூட்டரையோ, பள்ளியில் உங்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பையோ திறங்கள். போனால் எந்தக் கடையிலும் கிடைக்காத ஐந்து பைல்களைத் தேடி, அவை எந்த டிரைவில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதல் வேலையாக அந்த ஐந்தையும் நகலெடுங்கள். அதற்கப்புறம் எதை வேண்டுமானாலும் அழியுங்கள், பார்மட் கூடப் போடுங்கள், நான் கேட்க மாட்டேன்.

எழுதி முடித்தவர்கள் கீழே "முடிச்சாச்சு சார்" என்று போடுங்கள். தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் போன் செய்யுங்கள். சாயந்திரம் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்