யானை இறங்கும் ஏரிக்கரை

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் ஜலகண்டாபுரத்துக் குடும்பங்கள் தறியை நிறுத்திவிட்டு, கட்டுச்சோற்றுடன் மேட்டூருக்குப் புறப்பட்டுவிடும். காவிரியில் முழுக்கு. பூங்காவில் ஓய்வு. பொழுது சாய்ந்ததும் வீடு.

ஆண்டுக்கு ஒரு நாள் உல்லாசம் போதுமா? ஏரியும் காடும் சேர்ந்த இடமாக இருந்தால் பன்னிரண்டு மாதமும் போகலாமே!

அப்படி ஓர் இடம் நமது எல்லையை ஒட்டி, கேரளத்தில் இருக்கிறது. திண்டுக்கல், தேனி, கம்பம் வழியாகக் குமுளி மலை ஏறினால் தேக்கடி.

பென்னிகுயிக் துரை கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிந்தது. அதில் தேங்கிய தண்ணீர்தான் இந்த ஏரி. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இது தமிழ்நாட்டு வயல்களுக்கும் பாய்கிறது. அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்னும் நீருக்கு மேல் கறுத்து நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றில் அமர்ந்து சிறகு உலர்த்தும். சுற்றியுள்ள காடு 1934-ல் விலங்குகளின் சரணாலயம் ஆயிற்று. 1978-ல் புலிகள் காப்பகம் ஆயிற்று.

பங்குனியில் மலைச்சுனைகள் வற்றும். யானைகள் குட்டிகளோடு ஏரிக்கு இறங்கும். படகில் இருந்தபடியே பார்க்கலாம். ஆனி, ஆடியில் மழை கொட்டும். விலங்குகள் உள்காட்டில் தங்கிவிடும். நடப்பவர் காலில் அட்டை ஏறும். முழங்கால் வரை துணியுறை கட்டாமல் போகக்கூடாது. மார்கழியில் பனி மூடிய நீரில் மூங்கில் தெப்பம் மிதக்கும்.

"யானையைக் காணோம், காசு போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே படகை விட்டு இறங்குவோர் உண்டு. காடு என்ன சர்க்கஸ் கொட்டகையா?

இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் தேக்கடி பார்த்திருக்கிறது. 2009 செப்டம்பர் 30-ந் தேதி இரண்டடுக்குப் படகு ஒன்று ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் மாண்டனர். கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. உயிர்காப்புச் சட்டையைப் போடச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இதை நினைக்க வேண்டும்.

பட்டை உரித்த கைகள்

தேக்கடியில் பார்க்க வேண்டிய அதிசயம் யானை அல்ல, மனிதர்கள்!

காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, மரங்களில் இலவங்கப்பட்டை உரித்து விற்றுப் பிழைத்த கூட்டம் ஒன்று இருந்தது. வழக்கும் சிறையும் அவர்களைத் திருத்தவில்லை. 1990-களில் வனத்துறை வேறு வழியில் போயிற்று. "காட்டின் மூலை முடுக்கெல்லாம் உங்களுக்குத் தெரியும், நீங்களே காவல் காருங்கள், வருவோருக்கு வழி காட்டுங்கள்" என்றது. அவர்கள் ஒப்புக்கொண்டனர். சுற்றிப் பார்க்க வருவோர் தரும் கட்டணம் அவர்கள் வீட்டு அடுப்பை எரித்தது. மன்னான், பளியர் குடியினரும் வழிகாட்டிகள் ஆனார்கள். 2002 முதல் அக்கம்பக்கத்துப் பெண்கள் சம்பளம் வாங்காமலே முறைவைத்துக் காட்டில் ரோந்து சுற்றப் புறப்பட்டார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டுத்தான்!

காட்டைக் காப்பதால் சோறு கிடைக்கும் என்றால், அதை வெட்ட யாருக்கு மனம் வரும்?

மேட்டூருக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நீர்த்தேக்கத்துக்கு மேலே, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரியை ஒட்டிய 686 சதுர கிலோ மீட்டர் காட்டைத் தமிழக அரசு 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தது. பெயர்ப் பலகையும் வேலியும் மட்டும் வைத்தால் மலையடிவாரத்து மக்கள் அதைப் பகையாகவே பார்ப்பார்கள்.

காட்டைச் சுற்றிக் காட்டும் வேலை எதுவானாலும் அதை வெளியூர்க் கம்பெனிக்கு ஏலம் விடக்கூடாது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்களுக்கும் அந்தக் காட்டோரத்தில் ஆடு மாடு மேய்க்கிறவர்களுக்கும் முதலில் கொடுக்க வேண்டும். ஆற்றின் சுழலும் யானையின் தடமும் அவர்களுக்குத்தான் தெரியும்.