பழகிய மெழுகா? புதிய பூச்சா?

மனிதன் ஒரு பொருளைச் செய்யக் கற்றுக்கொண்ட நாள் முதலாகவே அதைக் காக்கவும் வழி தேடி வந்திருக்கிறான். மரக்கதவுக்கு எண்ணெய் தடவினான். ஓலைச்சுவடிக்குப் புல்தைலம் பூசினான். மரப்படகின் இடுக்குகளைக் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து அடைத்தான். செய்வது ஒரு கலை என்றால், காப்பது அதனினும் பொறுமை வேண்டும் கலை. இன்று அந்தக் கலையின் பெயரால் அங்காடிக்கு வந்திருப்பவை கார்களின் மேல் பூசும் காப்புப் பூச்சுகள். மெழுகு என்றார்கள், டெஃப்லான் என்றார்கள், இப்போது செராமிக் என்கிறார்கள், அதற்குள் கிராஃபீன் என்னும் பெயரும் காதில் விழுகிறது. பழகியதை வைத்துக்கொள்வதா, புதியதற்கு மாறுவதா என்பதே கேள்வி.

"கல்லூரி மலரில் காருக்குப் பூசும் மெழுகைப் பற்றியா எழுதுவது? அது செல்வர் வீட்டுக் கவலை அன்றோ?" என்று சிலர் கேட்கக்கூடும். பெரும்பாக்கத்தை அறிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டு, இங்குள்ள வாரியக் குடியிருப்புகளில் குடியேறிய குடும்பங்களில் கார் என்பது பெருமைப் பொருள் அன்று, பிழைப்பு. பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வாடகைக் காரின் மாதத் தவணை போக மிஞ்சுவதில்தான் வீட்டின் அரிசியும் பிள்ளையின் தேர்வுக் கட்டணமும் அடங்கியிருக்கின்றன. அந்தக் காரை விற்கும் நாளில் அதன் விலையை இயந்திரம் மட்டும் முடிவு செய்வதில்லை. மேனியின் நிறமும் முடிவு செய்கிறது. "ஒருமுறை பூசிவிட்டால் ஐந்து வருஷம் கவலையே வேண்டாம் சார்" என்று அந்த ஓட்டுநரிடம் சொல்லிப் பல ஆயிரம் ரூபாய் கேட்கும்போது, அந்தப் பேச்சில் எவ்வளவு அறிவியல், எவ்வளவு ஆசை என்று பிரித்துப் பார்க்க யாராவது வேண்டும். அறிவியல் படிக்கும் மாணவர்கள் அதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

நம் ஊரின் நிலை

எந்தக் காப்புப் பொருளையும் மதிப்பிடுமுன், அது எதிர்த்து நிற்க வேண்டிய பகை எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் பகுதிக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் வங்கக் கடல். காற்றில் உப்பு உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் திறந்த வெளியில் நிற்கும் காரின் கூரையில் கையை வைக்க முடியாது. ஓயாத கட்டட வேலையால் மணலும் சிமெண்டுத் தூசியும் பறக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. ஒரு துளி காய்ந்தால் ஒரு வெள்ளை வளையம் மிஞ்சும். 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருப்பதால் பறவைகளுக்குக் குறைவில்லை. அவற்றின் எச்சம் வெயிலில் காய்ந்தால் வண்ணத்தை அரிக்கும். இத்தனையும் ஒரே காரின் மேல், கூரையில்லாத நிறுத்துமிடத்தில், ஆண்டு முழுவதும் விழுகின்றன. குளிர்நாட்டில் மூடிய கொட்டகையில் நிற்கும் காருக்குக் கிடைத்த நற்சான்று இங்கே எப்படிச் செல்லுபடியாகும்?

மெழுகின் பெருமையும் எல்லையும்

தாம்பரத்தை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இயங்கியது. 1961 முதல் ஹெரால்டு கார்களைச் செய்த அந்த நிறுவனம் 1988-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அந்தக் காலத்துக் கார்களின் வண்ணத்துக்கும் இன்றைய கார்களின் வண்ணத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அன்று வண்ணமே வெளியில் நின்றது, வெயிலில் மங்கியது, தேய்த்து மெருகேற்றி மெழுகு பூசுவது கட்டாயமாயிற்று. இன்று வண்ணத்தின் மேல் நிறமற்ற தெளிவுப் பூச்சு ஒன்று ஆலையிலேயே போடப்படுகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கு அதனுடையதே. ஆகவே மேலே நாம் எதைப் பூசினாலும், அது அந்தக் காவலாளிக்கு உதவியாளன் மட்டுமே.

கார் மெழுகில் பெயர் பெற்றது கார்னோபா. வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து அதை எடுக்கிறார்கள். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. சுமார் 82 முதல் 86 பாகை செல்சியசில் உருகும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பூசுவதற்குப் பயிற்சியும் பெரிதாக வேண்டாம். ஞாயிறு காலையில் ஓட்டுநர் தாமே பூசிக்கொள்ளலாம். சரியாகப் படியாவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி பூசலாம்.

பழையது என்பதற்காக அதன் குறையை மறைக்க வேண்டியதில்லை. கடையில் விற்பது தனிக் கார்னோபா அன்று. வேறு எண்ணெய்களும் கரைப்பான்களும் கலந்த குழம்பு. நம் வெயிலிலும், அடிக்கடி கழுவும் வழக்கத்திலும் அது சில வாரங்களில் கரைந்துவிடுகிறது. மறுபடி மறுபடி பூசப் பொறுமை உள்ளவருக்கே மெழுகு பயன்படும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வண்டியோட்டுபவருக்கு அந்தப் பொறுமை எளிதில் வாய்ப்பதில்லை.

டெஃப்லான் தந்த பாடம்

அந்த இடைவெளியில்தான் டெஃப்லான் பூச்சு நுழைந்தது. டெஃப்லான் எனப்படும் பாலிடெட்ராஃபுளூரோ எத்திலீனை 1938-இல் ராய் பிளங்கெட் என்னும் வேதியியலார் தற்செயலாகக் கண்டுபிடித்தார். தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் வருவதைக் கண்ட இல்லத்தரசிகளுக்கு அந்தப் பெயர் நன்கு பழக்கம். கல்லில் ஒட்டாதது காரிலும் ஒட்டவிடாது என்று சொன்னபோது வாங்குபவர்கள் எளிதில் நம்பினார்கள். புதிய கார் வாங்கும்போதே அதையும் பூசிக்கொள்வது பலருக்கு வழக்கமாகிவிட்டது.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். அந்தப் பொருள் உருகுவது சுமார் 327 பாகை செல்சியசில். தோசைக்கல்லின் மேல் அதைப் பதிய வைக்க ஆலையில் அதற்கும் மேற்பட்ட சூட்டில் சுடுகிறார்கள். காரின் மேனியை அந்தச் சூட்டில் வைத்தால் வண்ணமே கருகிப்போகும். எனவே காரின் மேல் தடவிய குழம்பில் டெஃப்லான் துகள் இருக்கலாம். தோசைக்கல்லில் இருப்பதுபோல் அது உறுதியாகப் பதிந்த படலமாக மாற வழியில்லை. பெயர் மெய்யானது, புகழும் மெய்யானது, ஆனால் அது வேறோர் இடத்தில், வேறொரு முறையில் பெற்ற புகழ். இன்னொன்றும் உண்டு. அத்தகைய பொருள்களின் தயாரிப்பில் நெடுங்காலம் துணைநின்ற பி.எஃப்.ஓ.ஏ. என்னும் வேதிப்பொருளை 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. அது புற்றுநோய் தரவல்லது என 2023-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. வெளுத்ததெல்லாம் பாலாகிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

செராமிக் என்பது என்ன?

செராமிக் பூச்சை அதே தட்டில் வைத்து ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அதன் பின்னால் உண்மையான வேதியியல் இருக்கிறது. சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சங்கிலிகளாக உறையும் திரவம் அது. மெழுகைப்போல மேலே படிந்து நிற்காமல் தெளிவுப் பூச்சைப் பற்றிக்கொள்கிறது. நல்ல தரமானது சரியாகப் பூசப்பட்டால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கிலும் நிலைக்கக்கூடும். நீர் முத்து முத்தாக உருண்டோடும். அழுக்கு எளிதில் கழுவப்படும். இவை மறுக்க முடியாத நன்மைகள்.

ஆனால் விளம்பரம் அத்துடன் நிற்பதில்லை. "9எச் கடினம்" என்கிறார்கள். கேட்பவர் அதை வைரத்துக்கு அடுத்த கடினம் என்று எண்ணிக்கொள்கிறார். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் வேறு. இது பென்சில் அளவுகோல். 9எச் பென்சிலால் கீறினாலும் கீறல் விழவில்லை என்பதே அதன் பொருள். மோஸ் அளவில் 7 கடினமுள்ள குவார்ட்சு மணலுக்கு அந்தப் பென்சில் ஈடாகாது. நம் தெருவில் பறப்பதோ மணல்! தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைத்தால் செராமிக்கின் மேலும் கோடு விழத்தான் செய்யும்.

நீர் முத்தாக நிற்பதும் இங்கே முழு நன்மையன்று. கிணற்று நீரில் கழுவி வெயிலில் விட்டால் ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு உப்பு வட்டமாகும். கிராஃபீன் பூச்சுக்காரர்கள் நோபல் பரிசின் ஒளியையும் துணைக்கு அழைக்கலாம். 2010-இல் அந்தப் பரிசு கிராஃபீனை ஆராய்ந்த அறிஞர்களுக்குக் கிடைத்தது; கடையில் இருக்கும் குப்பிக்குக் கிடைக்கவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமான வேறுபாடு வேறொன்று. மெழுகைத் தவறாகப் பூசினால் கழுவிவிடலாம். செராமிக்கைத் தவறாகப் பூசினால் இயந்திரத்தால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பூசுமுன்பும் மேனியை மெருகேற்ற அப்படித் தேய்க்கிறார்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் தெளிவுப் பூச்சில் கொஞ்சம் போகிறது. அதன் கனமோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான், போனால் வளராது. மெழுகில் நேரும் பிழைக்கு ஒரு ஞாயிறு போதும். செராமிக்கில் நேரும் பிழைக்குக் காரின் ஆயுளிலிருந்தே விலை கொடுக்க வேண்டும்.

புதுமைக்கு நாம் பகைவரல்லர்

"அப்படியானால் புதியது எதுவும் வேண்டாமா?" என்றால், வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துக் குப்பங்களைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரத்தில் சென்றவர்கள் இன்று கண்ணாடி இழைப் படகில் செல்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் அந்த மாற்றம் விரைந்தது. எனினும் அது விளம்பரத்தால் மட்டும் நிலைத்த மாற்றமன்று. அதே கடலில், அதே அலையில் பக்கத்து ஊரார் படகு போய்வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு வந்த நம்பிக்கை அது.

பாம்பனையும் நினைத்துப் பாருங்கள். 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் உப்புக்காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. 1964 புயலில் சிதைந்தும் மீண்டது. 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் இரும்புக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு போட்டிருக்கிறார்கள். செராமிக் பூச்சுக்கு அது வேதியியலில் உறவுமுறை. பொறியியலார் புதியதைத் தேர்ந்தார்கள், உண்மைதான். ஆயினும் அங்கே பூசும் முறைக்கு விதி உண்டு. கனத்தை அளக்கக் கருவி உண்டு. பின்னாளில் பார்வையிட ஆள் உண்டு. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்தின் கடற்காற்றில் உலோகத் தகடுகளை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வைத்து அரிமானத்தை ஆராய்ந்தவர்கள். புதியதை அப்படிச் சோதித்து ஏற்பதுதான் அறிவியல். பாலத்தில் நன்றாக இருப்பதாலேயே காரில் நன்றாக இருக்கும் என்று சொன்னால், தோசைக்கல் கதையையே திரும்பச் சொன்னவர்களாவோம்.

என் கருத்து

சோதனையின் செலவை யார் ஏற்பது என்பதே முடிவான கேள்வி. இழந்தாலும் தாங்கக்கூடியவர் புதியதை முதலில் வாங்கிப் பார்க்கட்டும். தவணையில் ஓடும் வாடகைக் காருக்கு இன்றைக்குப் பழகிய மெழுகே போதும். முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை நீக்கி, மென்துணியால் கழுவி, ஈரம் காயுமுன் துடைத்துவிட்டால், குப்பியில் இருப்பதைவிட அதிகக் காப்பு கிடைக்கும். அதற்கு விலையும் இல்லை.

புதியதை வாங்கியே தீர வேண்டும் என்பவர் மூன்று காரியங்கள் செய்யட்டும். ஒன்று, உத்தரவாதத்தை எழுத்தில் பெற்று, விலக்குகளை முதலில் படிக்கட்டும். பறவை எச்சமும் நீர்க்கறையும் அதில் விலக்கப்பட்டிருந்தால் நம் ஊரில் அந்த உத்தரவாதத்தால் பயன் என்ன? ஆண்டுதோறும் கட்டணப் பராமரிப்புக்கு வர வேண்டும் என்றிருந்தால் அதையும் விலையில் சேர்த்துக் கணக்கிடட்டும். இரண்டு, இதே வட்டாரத்தில் இரண்டு கோடையும் ஒரு மழைக்காலமும் கண்ட காரை, கழுவிய நிலையில், தம் கண்ணால் பார்க்கட்டும். மூன்று, சொன்னது நடக்காவிட்டால் சும்மா இருக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. 1915 என்ற எண்ணுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் முறையீட்டைத் தொடங்கலாம்.

நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். பழைய காரின் கதவுத் தகடு ஒன்று போதும். அதை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியில் மெழுகும், ஒரு பகுதியில் செராமிக்கும் பூசி, மூன்றாவதை வெறுமையாக விட்டு, மொட்டைமாடியில் ஓராண்டு வைப்போம். மாதந்தோறும் படம் எடுத்து, அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம். பெரும்பாக்கத்து வெயிலில் எது நின்றது என்பதைப் பெரும்பாக்கத்து மாணவர்கள் சொன்னால், இப்பகுதி ஓட்டுநர்கள் விற்பனையாளர் பேச்சை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டியிராது. பதறாத காரியம் சிதறாது. ஓராண்டு பொறுத்துப் பார்ப்பதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை.